மட்டக்களப்பு நெற்செய்கை: அரச ஆராய்ச்சியும் தனியார் தொழிலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) விதைக்கப்படும் நெல்லினங்கள் பெரும்பாலும் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் ஆக்கங்கள். வயலை உழும், அறுக்கும் இயந்திரங்களோ தனியார் கம்பனிகள் கொண்டுவந்தவை.

1950கள் வரை பச்சைப்பெருமாள், முருங்கக்காயன் போன்ற பழைய இனங்களே இலங்கை வயல்களில் விளைந்தன. 1952இல் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே முருங்கக்காயன் தெரிவொன்றை இந்தோனேசியாவின் 'மாஸ்' நெல்லுடன் கலந்து உருவாக்கிய எச்-4, 1958இல் வெளிவந்தது. எரிபந்த நோயைத் தாங்கி நல்ல விளைச்சல் தந்தாலும் அது உயரமான பயிர். பசளை கூடினால் சாய்ந்துவிடும். அந்தக் குறையைக் குட்டைப் பயிரான பீஜி 11-11 (1970) தீர்த்தது. மூன்றரை மாத இனமான பீஜி 94-1, 1975இல் வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. 1960இல் அந்நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த ஃபோர்ட், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் செல்வம் தனியார் தொழிலில் சேர்ந்ததுதான். ஆனால் அது இலாபம் தேடி இடப்பட்ட முதலன்று.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை வாங்கிய விதையை விவசாயி களத்திலிருந்து எடுத்து வைக்கலாம், அயலவருக்கும் கொடுக்கலாம். அப்படிப்பட்ட பண்டத்துக்காகப் பல வருடம் பணத்தைப் போட்டுக் காத்திருக்க எந்தக் கம்பனி முன்வரும்? எச்-4 போன்ற ஒன்றைப் பொதுப்பணம் இல்லாமல் எதிர்பார்த்திருக்கவே முடியாது.

நீர்ப்பாசனத்தில் இரு தரப்பும் கலந்தன. அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் (1961 முதல் அது அம்பாறை மாவட்டம்) 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்கு அரசு பணம் கொடுத்தது. அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி.

இயந்திரங்களின் கதை வேறு. லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரமும் பெரிய உழவு இயந்திரமும் எருமைகளின் வேலையை எடுத்துக்கொண்டன. வாங்க இயன்ற போடிமார் (பெரிய நிலவுடைமையாளர்) வாங்கினர், மற்றவர்கள் வாடகைக்குப் பிடித்தனர். பின்னர் வந்த அறுவடை இயந்திரம் அறுப்பையும் சூடடிப்பையும் ஒரே ஓட்டத்தில் முடித்தது. அந்த வேலைகளின் கூலியை நம்பியிருந்த குடும்பங்களின் இழப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறவில்லை.

விதைக்கும் இயந்திரத்துக்கும் அடுத்தது பசளை. அதன் வேர் ஜெர்மனியில். கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா தயாரித்துக் காட்டினார். அதை 1913இல் ஒப்பாவில் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தது பாஸ்ஃப் கம்பனியும் அதன் பொறியியலாளர் கார்ல் பொஷும்.

புதிய இனங்கள் பசளைக்கு ஏற்ற விளைச்சல் தரும்படி தெரிவு செய்யப்பட்டவை. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்தப் பிணைப்பு வெளிப்பட்டது: விதை கையில் இருந்தது, யூரியா இல்லை. அந்த நவம்பரில் தடை நீங்குவதற்குள் பெரும்போக (மழைக்காலப் போக) விதைப்பு தொடங்கியிருந்தது. நாடு முழுவதும் அந்தப் போகத்தின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது.