ஏழு கிணறு சொல்லும் பாடம்



தங்கசாலைக்கு அருகில் ‘ஏழு கிணறு’ என்றொரு பகுதி இருப்பதை வடசென்னைவாசிகள் நன்கு அறிவர். புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் வழங்குவதற்காக, 1772ஆம் ஆண்டு கேப்டன் பேக்கரின் திட்டப்படி வெட்டப்பட்ட கிணறுகளே அப்பகுதிக்கு இப்பெயரைத் தந்தன. கோட்டையின் தாகத்தைத் தீர்த்தது வடசென்னை மண்ணுக்கு அடியிலிருந்த நன்னீர்தான்.

நகரம் வளர்ந்தது, கிணறுகள் போதவில்லை. 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் போதாமல், 1960களின் இறுதியில் எண்ணூருக்கு அப்பாலுள்ள மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரை நாடினார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் தொழிற்சாலைகளுக்கும் நகரத்திற்கும் இறைத்தன. வயல்களின் பம்புசெட்டுகளும் இறைத்தன.

கடலோர மண்ணில், மழை ஊட்டுவதைவிட நாம் உறிஞ்சுவது மிகுந்தால் நன்னீரின் மட்டம் தாழ்கிறது. அவ்விடத்தைக் கடல்நீர் நிரப்புகிறது. மீஞ்சூரில் நிகழ்ந்ததும் இதுவே. உப்பு நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. 1987இல் நிலத்தடி நீரெடுப்பை முறைப்படுத்தச் சட்டம் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2010இல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. மண் இலவசமாகத் தந்ததை மின்சாரம் செலவிட்டுக் கடலிடமிருந்து பெறும் நிலை வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை நம் பிள்ளைகளும் கண்டார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரால் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்து’ வரையிலான நீரால் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு ‘முத்து’ என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. ஒரு லிட்டர்கூட ஆகாது. நான்கு ‘முத்து’ ஒரு ‘ஸாஉ’. வணக்கத்திற்கான நீரிலேயே இவ்வளவு சிக்கனம் என்றால், பாத்திரம் துலக்கும் நீரில் வீண்விரயத்திற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே, குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யாமல், ஒரு சொம்பில் நீர் எடுத்துச் செய்து பழகுவோம். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்தலாம்; அது உப்பு மிகுந்தது, செடிக்கு ஆகாது. சொட்டும் குழாயின் வாஷரை அன்றே மாற்றுவோம். எல்லாவற்றிற்கும் மேலாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் மொட்டை மாடியையும் மழைநீர்த் தொட்டியையும் தூர்வாரிச் சுத்தம் செய்வோம். நாம் மண்ணுக்குள் இறக்கும் மழைநீரே கடல்நீரை எதிர்த்து நிற்கும் வேலி.

நம் வீட்டுக் கிணறும் அண்டை வீட்டார் கிணறும் ஒரே நீரிலிருந்துதான் ஊறுகின்றன. நாம் வீணாக்குவது அவருடைய பங்கையும் சேர்த்துத்தான். ஒவ்வோர் அருட்கொடையைப் பற்றியும் மறுமையில் விசாரிக்கப்படுவோம் என நம்பும் நாம், தண்ணீரின் கணக்கை இன்றே சரிசெய்து கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.