எண்ணெய்க் கிணற்று இறைப்பில் தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாறு

நிலத்தடி அழுத்தம் போதாமல் எண்ணெய் தானாக மேலே வராதபோது, பம்பு முதலிய கருவிகளால் அதை மேலேற்றுவது செயற்கை ஏற்றம் எனப்படும். இது எண்ணெய்த் தொழிலைப் போலவே பழமையானது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் துளையிட்ட கிணற்றில் எண்ணெய் பீறிடவில்லை, இறைத்தே எடுக்கப்பட்டது.

துலாப் பம்பும் அதன் சிக்கலும்

1925இல் டெக்சாஸின் லஃப்கின் நகரைச் சேர்ந்த வால்டர் டிரவுட், எதிரெடை கொண்ட துலாப் பம்பை வடிவமைத்தார். நம் ஊர் ஏற்றம் போல ஏறி இறங்கும் உத்தரம் நீண்ட எஃகுத் தண்டுகளை அசைக்க, கிணற்றின் அடியிலுள்ள பம்பு எண்ணெயை மேலே அனுப்பும்.

பாறையில் எண்ணெய் ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் பம்பின் உருளை முழுவதும் நிரம்பாது. அப்போது கீழிறங்கும் பிஸ்டன் திரவப் பரப்பில் ஓங்கி மோதும். இதனால் தண்டுகள் நாளடைவில் முறியும், மின்சாரமும் வீணாகும். மெதுவாக இறைத்தாலோ விளைச்சல் குறையும். குறித்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தும் நேரக்கருவிகள் பயன்பட்டன. ஆனால் கிணற்றில் எவ்வளவு எண்ணெய் ஊறியுள்ளது என்பதை அவை அறியாது.

அடியில் நடப்பதை அறிதல்

1936இல் கில்பர்ட் என்பவர், பம்பு இருக்கும் ஆழத்திலேயே சுமையையும் அசைவையும் பதியும் கருவியைப் பற்றி எழுதினார். அதன் வரைபடத்தின் வடிவமே பம்பின் நிலையைக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு கிணற்றிலும் அதை இறக்குவது எளிதன்று. மேலே அளப்பது எளிது. எனினும் நீண்ட தண்டுகள் இழுபட்டுச் சுருங்குவதால் அந்த வரைபடம் திரிந்துவிடும்.

இத்தடையை நீக்கியவர் சாம் கிப்ஸ். தண்டுகளின் அசைவை அலைச் சமன்பாட்டால் விளக்கும் ஆய்வை அவர் 1963இல் வெளியிட்டார். 1966இல் நீலியுடன் இணைந்து, மேலே எடுத்த அளவீடுகளிலிருந்து அடியில் நடப்பதைக் கணினியால் கண்டறியும் முறையை விளக்கினார்.

கட்டுப்பாட்டுக் கருவிகள்

நுண்செயலிகள் வந்தபின் இக்கணக்கீடு கிணற்றடிக்கே வந்தது. உணரிகள் சுமையையும் உத்தரத்தின் நிலையையும் அளக்கின்றன. பம்பு நிரம்பவில்லை எனத் தெரிந்தால் கருவி மோட்டாரை நிறுத்தி, எண்ணெய் ஊற நேரம் விட்டு, மீண்டும் இயக்குகிறது. வேகத்தை மாற்றவல்ல மின்னியக்கிகள் இருந்தால் நிறுத்தாமலே வேகத்தைக் குறைக்கலாம். வானொலி இணைப்பு வழியாகத் தொலைவிலுள்ள கிணறுகளையும் ஓரிடத்திலிருந்தே கண்காணிக்க முடிகிறது.

முறிந்த தண்டை மாற்ற இன்றும் ஆட்களே செல்ல வேண்டும். ஆனால் எந்தக் கிணற்றுக்கு முதலில் செல்வது என்பதைக் கருவி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.