நண்பனுக்காக எழுதப்பட்ட ஒரு பாடல்

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பகுதியை முன்னோர் முக்கூடல் என்றனர். வயலில் உழைத்த மக்களைப் பாட்டுடை மாந்தராக்கிய முக்கூடற் பள்ளு இம்மண்ணைப் பாடியது. பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழைத்த அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் தமக்கெனப் பாட்டு மரபு உண்டு. வயலிலும் ஆலயத்திலும் வளர்ந்த அம்மரபிலிருந்து கிளைத்ததே ‘சோல்’ இசை. ‘சோல்’ என்றால் ஆன்மா. அவ்விசையில் பலரும் கவனியாது விட்ட 1970களின் பாடல் ஒன்றை ஈண்டு நினைவுகூர விழைகிறோம்.

டானி ஹாத்வே 1945இல் சிகாகோவில் பிறந்து, செயின்ட் லூயிஸ் நகரில் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி ஆலயப் பாடகி. பேரனும் மூன்று வயதிலேயே பாடத் தொடங்கினார். 1970இல் அவர் பாடிய ‘திஸ் கிறிஸ்மஸ்’ அமெரிக்காவில் இன்றும் டிசம்பர்தோறும் ஒலிக்கிறது. நாம் சொல்ல வந்தது அதுவன்று.

புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் கடுமையான மனச்சிதைவு நோய் அவரைப் பற்றியது. இசைக்கு வரி எழுத வந்த நண்பர் எட்வர்ட் ஹோவர்ட், இவ்வேதனையிலிருந்து இவர் என்றேனும் விடுபடமாட்டாரா என ஏங்கினார். வேறெதுவும் செய்ய இயலாத நிலையில், ஊக்கம் தரும் சொற்களையேனும் எழுதித் தருவோம் என முனைந்தார். அவ்வாறு பிறந்ததே ‘சம்டே வீ வில் ஆல் பி ஃப்ரீ’. ஒருநாள் நாம் யாவரும் விடுதலை பெறுவோம் என்பது பொருள். பதிவு முடிந்து அதைக் கேட்டபோது ஹாத்வே அமர்ந்து அழுதார் என்கிறார் ஹோவர்ட். பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவான 1973ஆம் ஆண்டே அப்பாடலும் வெளிவந்தது.

பின்னாளில் அது இன விடுதலைப் பாடலாகவே அறியப்பட்டது. 1992இல் ‘மால்கம் எக்ஸ்’ திரைப்படத்துக்காக அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார். 2001 செப்டம்பர் தாக்குதலில் இறந்தோருக்கான அஞ்சலி நிகழ்ச்சியில் அலிசியா கீஸ் பாடினார். அப்பொருள் பிழையன்று; ‘யாவரும்’ என்ற சொல் அதற்கு இடம் தருகிறது. எனினும் விடுதலை என்றதும் எகிப்தையும் பார்வோனையும் நினைக்கும் நாம், மனத்துக்குள்ளேயே சிறைப்பட்டவனை எளிதில் நினைப்பதில்லை. அப்பாடல் முதலில் அவனுக்கானது.

அது அவரைக் காப்பாற்றவில்லை. 1979 ஜனவரி 13 அன்று நியூயார்க் விடுதியொன்றில் ஹாத்வே இறந்தார். தற்கொலை என அறிவிக்கப்பட்டது. வயது 33.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் அக்காலத் திருச்சபைச் சட்டம் (1917, எண் 1240) அறிந்தே தம்முயிர் மாய்த்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மனம் பேதலித்தோரை அது உட்படுத்தவில்லை என்பது உண்மையே. எனினும் துயருற்ற குடும்பத்தின் முன் அவ்வேறுபாட்டை நின்று ஆராய்ந்தவர் எத்தனை பேர்? 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அத்தடை இல்லை. கடும் மன நோய் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பை அளிக்கக்கூடும் என்றும் 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுவதாகவும் சொல்கிறது.

நவம்பர் 2 அன்று கல்லறை மந்திரிக்கச் செல்கையில், வேலியோரத்துக் குழிகளுக்கும் சென்று தீர்த்தம் தெளிக்கிறோம். அவற்றுட் சிலவற்றில் சிலுவைகூட இல்லை.