கண்ணாடிக்குள் ஒரு குளம்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறுக்கு அணித்தே உள்ளது காஞ்சிரங்குளம். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னரும், தமிழும் மலையாளமும் உறவாடி வாழும் பகுதி இது. அங்கே நம் உறவினர் ஒருவர் தம் இல்லத்துக் கூடத்தில் நான்கடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை அமைத்தார். மாலையில் நீர் நிரப்பி, இரவுக்குள் இருபது மீன்களை விட்டார். எட்டாம் நாள் ஒன்றேனும் எஞ்சவில்லை. வீட்டுக் குழந்தைகள் அழுதனர். நீரோ பளிங்கெனத் தெளிந்தே இருந்தது. பின் மீன்கள் மடிந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை, மீன்தொட்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் தொன்மையானது. சீனத்தில் சுங் அரசர் காலத்திலேயே பொன்மீன்களைக் குளங்களில் பேணி வளர்த்தனர். ஆயினும் நீர்வாழ் உயிரைக் கண்ணாடி வழியே நோக்கி ஆராயும் முறை 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1832-இல், இத்தாலியின் மெசினா நகரில் வாழ்ந்த ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, ஆய்வுக்கெனக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஆர்கோநாட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறதா, பிறிதோர் உயிரிடமிருந்து கவர்கிறதா என்பது அந்நாளைய வழக்கு. தானே ஆக்கிக்கொள்கிறது என்பதை அவர் மெய்ப்பித்தார்.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் இலண்டனைச் சேர்ந்த வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன். பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும், நாடாபோல் நீண்ட இலையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். செடி பிராணவாயுவை அளித்தது. ஆனால் அதன் இலைகள் அழுகி நீரைக் கலக்கின. பின்னர்க் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலை உண்டன, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்நிலையை 1850-இல் வேதியியற் கழகத்தின் முன் அவர் விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், மீன்தொட்டியை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

ஆயினும் இன்னுமொரு துணைவன் கண்ணுக்குப் புலனாகாமல் மறைந்து நின்றான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது, அது நஞ்சு. அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதன் கேடு மிகக் குறைவு. இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருசிய அறிஞர் வினோகிராத்ஸ்கி பிரித்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இரா. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் உறவினர் அளித்ததோ சில மணி நேரம்! தெளிந்த நீர் வேறு, உயிர் வாழத்தக்க நீர் வேறு.

நம் நாட்டிலும் இக்கலை புதிதன்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் திட்டப்படி, 1909 அக்டோபரில் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்துறையின் பொறுப்பிற்கு வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

இல்லத்தில் பெருந்தொட்டி அமைக்க விழைவோர் முதலில் எடையைக் கணக்கிடல் வேண்டும். நான்கடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோவைக் கடக்கும். ஆதலின் தாங்குமேசை உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். நேர்வெயில் படின் பாசி மிகும். குழாய்நீராயின் குளோரினை நீக்கிய பின்னரே பயன்படுத்துக. வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் சிட்டிகை மீனுணவு இட்டு, நுண்ணுயிர்களை வளர்த்திடுக. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையெனக் கண்ட பின்னரே, சில மீன்களாக விடுக.

எந்த மீனை விடுவது? 1865-இல் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் திருவிதாங்கூர் மலைப்பகுதி மீன் ஒன்றை விவரித்து, அந்நாளைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். வெள்ளியுடலில் செங்கோடும் கருங்கோடும் பூண்ட அம்மீனே இன்று வணிகர் 'மிஸ் கேரளா' என்றழைப்பது. உலகெங்கும் தொட்டிகளுக்காக ஆறுகளிலிருந்து அள்ளப்பட்டமையால், அழியும் இடருக்குள்ளான இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டது. ஆற்றில் பிடித்ததை வாங்காது, பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குதல் நம் கடமை.

காயல்களில் வாழும் பள்ளத்தியையும் எண்ணிப் பார்க்கலாம். தாயும் தந்தையுமாக முட்டைகளைக் காக்கும் சிறுமீன் அது. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவும் வல்லது. நம் உறவினர் இம்முறை ஆறு வாரம் பொறுத்தார். இன்று அவர் இல்லத்துத் தொட்டியில் ஓர் இணைப் பள்ளத்தி, தம் குஞ்சுகளைச் சூழ்ந்து காத்து நிற்கக் காண்கிறோம். குழந்தைகள் அதன் முன்னிருந்து அகல்வதில்லை.