முகாமில் பிறந்தவர் இந்தியக் குடிமகனா? பிறந்த தேதியைப் பாருங்கள்

தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால், பேரப்பிள்ளை தன் பெயரைப் பதிவு செய்து அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம். வெளிநாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசியல் சாசனத்தின் 8-வது பிரிவும் இதே வாய்ப்பை அளித்தது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்கவும் இந்தியா ஒப்புக்கொண்டது.

ஆனால் எளாவூரை அடுத்த கும்மிடிப்பூண்டி முகாம் போன்ற இடங்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வழி எளிதல்ல. போருக்குத் தப்பி, விசா இன்றிப் படகில் வந்தவர்களைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்கிறது. தாத்தா தமிழ்நாட்டில் பிறந்தவராக இருந்தாலும், இந்த ஒரு சொல் பதிவுக்குத் தடையாகிவிடுகிறது.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின்படி பிறந்த தேதியே முக்கியம்:

• 26.1.1950 முதல் 30.6.1987 வரை: பெற்றோர் யாராயினும் பிறப்பால் குடிமக்கள்.
• 1.7.1987 முதல் 2.12.2004 வரை: பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும்.
• அதன்பின்: இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இதன்படியே.

எனவே பிறப்புச் சான்றிதழ், முகாம் அடையாள அட்டை, தாத்தா பாட்டியின் பழைய பாஸ்போர்ட் எதையும் தொலைத்துவிடாதீர்கள்.