சுள்ளி என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்

கெடில நதியின் கரையில், பண்ணுருட்டியை அடுத்து அமைந்த திருவதிகை, அட்ட வீரட்டானங்களுள் முப்புரம் எரித்த வரலாற்றுக்கு உரிய தலமாகும். சூலைநோயால் வருந்திய திருநாவுக்கரசர் அது நீங்கப் பெற்றதும் இத்தலத்திலேயே. பின்னர்ப் பல்லவன் ஆணையால் அவர் ஏழு நாள் நீற்றறையில் இடப்பட்டார் எனப் பெரியபுராணம் கூறும். நீற்றறையாவது சுண்ணாம்பு சுடும் சூளை. சூலை, சூளை என்பன ஒலியால் நெருங்கியன, பிறப்பால் வேறுபட்டன. முன்னது சூலம் என்பதனோடு தொடர்புடைய வடசொல். பின்னது தமிழ்ச்சொல், சுள்ளை என்பது அதன் மற்றொரு வடிவம். இச்சுள்ளைக்கு உறவுடையது என நாம் கருதுவது, தீ மூட்டுதற்குப் பயன்படும் சுள்ளி என்னும் சொல். அதனை ஈண்டு ஆராய்வாம்.

சங்க நூல்களில் சுள்ளி என்னும் பெயர் காணப்படினும் அது விறகன்று. குறிஞ்சிப்பாட்டில் அது ஒரு மலரின் பெயர். அகநானூற்று 149ஆம் பாட்டில் முசிறியை அடுத்த பேரியாற்றின் பெயர். இவ்விரண்டையும் நம் சொல்லினின்று பிரித்தே நோக்குதல் வேண்டும். பெயர் ஒன்றாதல் பற்றிப் பொருளையும் ஒன்றாக்குதல் சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது.

இனி, விறகாகிய சுள்ளி எதனாற் பெயர் பெற்றது? சிறுமையால் என்பது ஒரு கருத்து. சிறிய ஆணி சுள்ளாணி எனவும், சிறுவன் சுள்ளான் எனவும் வழங்கப்படுதல் இதற்குச் சான்றாகக் காட்டத்தகும். ஆயினும் வழக்கு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. மெல்லிய கிளையைக் குறிக்க விளார் என்னும் சொல் உண்டு. அது பச்சையாகவும் இருக்கலாம். அடிக்கும் கோலாகவும் பயன்படும். சுள்ளியோ எனின் எப்பொழுதும் உலர்ந்ததே. சுள்ளி பொறுக்கினாள் என்ற அளவிலேயே அடுப்புக்கு என்பது விளங்கும். எனவே அளவன்று, உலர்ந்து விரைவில் தீப்பற்றும் தன்மையே அச்சொல்லின் உயிர்ப்பொருள் என்பது பெறப்படும்.

இதனைச் சொல்லினமும் வலியுறுத்துகின்றது. வெயில் சுள்ளென்று அடிக்கின்றது என்பது உலக வழக்கு. சுளுந்து என்பது தீப்பந்தம். சுள்ளை என்பது மட்கலம் முதலியன சுடும் இடம். இவற்றிலெல்லாம் சுள் என்னும் அடி வெம்மையையே உணர்த்துகின்றது. சுடு என்னும் வினையும் இதற்கு இனமாதல் கூடும். சுள்ளான் என்பது கொசுவுக்கும் பெயராதல், சுள்ளெனக் கடித்தல் பற்றியாகலாம். சிறுமைப்பொருள் அதன்வழிப் பின்னர்த் தோன்றியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தீயைப் பற்றிய பிற பெயர்களும் தொழிலால் அமைந்தவையே. ஞெலிதலாவது கடைதல், கடைந்து தீயைப் பிறப்பிப்பது ஞெலிகோல். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் அக்கோலால் தீயுண்டாக்கிக் குழலுக்குத் துளையிடுகின்றான். இறப்பிற் செருகிய ஞெலிகோலில் தீ மறைந்திருத்தலை அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார். தீயைக் கொண்டு நிற்பது கொள்ளி. ஞெலிகோல் பிறப்பித்த தீயை முதற்கண் ஏற்று, பெருவிறகுக்கு வழங்குவது சுள்ளி. ஏனைய இரண்டும் தொழிலாற் பெயர் பெற்றிருக்க, இடைநின்ற இஃதொன்று மட்டும் உருவின் சிறுமையாற் பெயர் பெற்றது எனக் கூறுதல் முறையன்று.

இம்முடிபு ஓர் அகராதிக் குறிப்போடு அமைவதன்று. மனுநூல், இல்லறத்தானுக்கு உயிர்க்கொலை நேரும் இடங்கள் ஐந்தனுள் அடுப்பினைச் சுல்லி என்று கூறுகின்றது. இந்தியில் வழங்கும் சூல்ஹா அதன் வழிவந்தது. இச்சொல், சுள்ளை என்பதனோடு இயைந்த திராவிடச் சொல்லினின்று வடமொழி புக்கது எனப் பர்ரோ முதலிய மொழிநூலார் கருதுவர். அடுப்பைக் குறித்து வடக்கே சென்ற சொல்லுக்கும், அடுப்பிலிடப் பொறுக்கும் குச்சியின் பெயருக்கும் அடி ஒன்றே எனின், அவ்வடி தமிழில் இன்றும் வினையுணர்வோடு வாழ்கின்றது என்பது தெளிவாகும். சுள்ளியைச் சிறுகுச்சி என்று மட்டும் எழுதிவிடின் அவ்வுறவு மறைந்துபடும்.

எனவே, அகராதி செய்வோர் சுள்ளி என்பதற்கு, எளிதில் தீப்பற்றும் உலர்குச்சி என்பதனை முதற்பொருளாகவும் சிறுகுச்சி என்பதனை வழிப்பொருளாகவும் வைத்தல் தகும். எரிவாயு அடுப்பு வந்தபின் சுள்ளி பொறுக்குவார் அருகி வருகின்றனர். வழக்கு வீழுமுன் கிளைமொழிகளில் இச்சொல்லினத்தைத் தொகுத்தல் ஆய்வு மாணவர் கடனாகும்.