கத்தரியும் பசையும்: பழைய படங்களை வெட்டி ஒட்டிய கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே உங்கள் டீச்சர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தி ஒரு மரச்சட்டம் வாங்கி வந்தாள். நடுவில் ஒரு படம் வைத்து, சுற்றியுள்ள மரத்தில் பழைய குடும்பப் படங்களை வெட்டி ஒட்டி, மேலே வார்னிஷ் அடிக்க வேண்டுமாம். டெக்கூபாஜ் என்று பெயர் சொன்னாள். நான் காபி போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது, அவள் கையில் கத்தரிக்கோல். "கீழே வைடீ அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை பயந்தேவிட்டது. ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

டெக்கூபாஜ் என்பது வெட்டி எடுப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். ஆனால் கதையைச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தொடங்க வேண்டும். அங்கே ஒரு மரத்தின் பாலை எடுத்து, மரச்சாமான்மேல் பூச்சுக்குமேல் பூச்சாகப் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். அதுதான் லாக்கர். நம் அரக்கு பூச்சியிடமிருந்து வருவது, அது வேறு. ஐரோப்பியருக்கு இந்தச் சாமான்கள்மீது தீராத மோகம். சீனாவில் செய்த பெரிய லாக்கர் மடிப்புத் திரைகள் நம் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் மாறிப் போனதால், அவற்றுக்குக் கோரமண்டல் திரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலம்தான். செய்தவன் சீனாக்காரன், வாங்கியவன் ஐரோப்பியன், பெயர் மட்டும் நம்முடையது!

அந்த மரம் ஐரோப்பாவில் கிடையாது. அசல் சாமானுக்கோ யானை விலை. வெனிஸ் நகரத் தச்சர்கள் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓவியரை வைத்து வரையாமல், அச்சடித்த படங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, வெட்டி, மேசையிலும் அலமாரியிலும் ஒட்டி, வார்னிஷைப் பல பூச்சு அடித்தார்கள். ஓரம் தட்டுப்படாமல் காகிதம் வார்னிஷுக்குள் மூழ்கிவிடும். அடுத்திருந்த பசானோ ஊரின் ரெமொண்டினி அச்சகத்தார் இப்படி வெட்டி ஒட்டுவதற்கென்றே தாள் தாளாகப் படம் அச்சிட்டு விற்றார்கள். இதற்கு 'லாக்கா போவெரா', அதாவது ஏழை லாக்கர் என்று பெயர் வந்தது. இன்று அந்த ஏழைச் சாமான்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பாரிஸில் இது பெரிய வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கானது. சர்க்கேசியாவிலிருந்து அடிமைக் குழந்தையாக வாங்கிவரப்பட்டு பாரிஸில் வளர்ந்த ஷார்லோட் அய்ஸே என்ற பெண்மணி, 1727இல் எழுதிய ஒரு கடிதத்தில் இந்தப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்கிறார். சின்னவர் பெரியவர் எல்லோரும் கத்தரியும் கையுமாக இருக்கிறார்களாம். நூறு லீவர் விலையுள்ள படங்களைக்கூட வெட்டுகிறார்களாம். இப்படியே போனால் ரஃபேலின் ஓவியங்களையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்று கிண்டல் வேறு. வெட்டினால் திரும்பி வராது என்பது அன்றைக்கே ஒருவருக்கு உறுத்தியிருக்கிறது.

இங்கிலாந்தின் மேரி டிலேனியை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் அச்சுப்படத்தை வெட்டியவர் அல்லர். பூவை எதிரில் வைத்துக்கொண்டு, வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டினார். தாவர அறிஞர்களே மெச்சும்படி அத்தனை துல்லியம். தொடங்கியது 1772இல், 72 வயதில், கணவரை இழந்த பிறகு. பார்வை மங்கி நிறுத்துவதற்குள் 985 பூக்கள் செய்து முடித்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ரிட்டயர் ஆகிவிட்டோம், இனி என்ன என்று போனில் புலம்பும் என் தோழிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

போட்டோ வந்ததும் கத்தரி அதன் பக்கம் திரும்பியது. 1854இல் டிஸ்டேரி என்ற பிரெஞ்சுக்காரர், ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். விசிட்டிங் கார்டு அளவுள்ள அந்தப் படங்கள் மலிவு. ஒரே படத்தில் ஒரு டஜன் எடுத்து ஊரெல்லாம் கொடுப்பார்கள். கையில் பிரதி நிறைய இருந்தபடியால், 1860, 70களில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் உறவுக்காரர்களின் தலைகளை வெட்டி, தாங்கள் வரைந்த வாத்தின் உடம்பில் ஒட்டிச் சிரித்தார்கள். நம் வீட்டில் செய்தால் பங்காளிச் சண்டைதான். டென்மார்க்கின் ஆண்டர்சன், உங்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேனே அவரேதான், 1873–74இல் நோயோடு இருந்தபோது எட்டு மடிப்புத் திரை ஒன்றை இப்படி வெட்டி ஒட்டிய படங்களாலேயே நிரப்பினார். அதில் எங்கே பார்த்தாலும் முகங்கள். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

நமக்கும் இது புதிதல்ல. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கிய பிறகு வீடுவீடாக வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களுக்குத் துணி வெட்டி ஒட்டி, ஜரிகையும் மணியும் வைத்துச் சேலை கட்டிவிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அதே கூடத்துச் சுவரில், ஒரே சட்டத்துக்குள் பத்துப் பதினைந்து சிறு போட்டோக்களை நெருக்கி ஒட்டி மாட்டும் வழக்கம் உங்கள் தாத்தா வீட்டிலும் இருந்திருக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1961இல் சித்தப்பா கல்யாணத்தில் ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். நடுவில் நாற்காலியில் அப்பாயி. தரையில் சம்மணம் போட்டு ஆறு வயது நான். அத்தை 19 வயதில் தாலியறுத்து வீடு திரும்பியவர். மங்கல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அடுக்களையிலேயே இருந்தவரை, அப்பாயிதான் வற்புறுத்தி இழுத்துவந்து தன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தார். அத்தை ஒரு கையை அப்பாயியின் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

1967இல் அப்பாயி காலமானார். மாலை போட்டு மாட்டத் தனிப் படம் இல்லை. அப்பா அந்தக் குரூப் போட்டோவையே பிளேடால் நறுக்கி, அப்பாயியை மட்டும் எடுத்து அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டார். மிச்சத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. அப்பாமீது கோபம் இல்லை, துக்க வீட்டில் யாருக்கு என்ன தோன்றும்? ஆனால் அத்தை அதற்குப் பிறகு கேமராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். நான் பி.எட். சேர்ந்தபோது கட்டணம் கட்டத் தன் ஒரே சங்கிலியை அடகு வைத்தவர் அவர். 1983இல் போய்விட்டார். இன்று அவர் இருந்ததற்கு என்னிடம் உள்ள சாட்சி, அப்பாயி படத்தில் தோள்மேல் தெரியும் நான்கு விரல்கள்.

பேத்தி அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். "யாருது பாட்டி?" என்றாள். அதற்குப் பிறகு அவளே கத்தரியைப் பெட்டியில் போட்டாள்.

இப்போது எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து, ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரதிகளைத்தான் வெட்டுகிறோம். இன்க்ஜெட் பிரிண்டில் பசையின் ஈரம் பட்டதும் மை கரைந்து ஓடுகிறது, முதல் நாளே தெரிந்துகொண்டோம். ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி ஒட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய்ந்துதான் அடுத்தது. அசல் படங்கள் மறுபடி பெட்டிக்குள்.

சட்டத்தின் வலது மேல் மூலையில் மட்டும் இன்னும் எதுவும் ஒட்டவில்லை. சொந்தங்களே, 1961 குரூப் போட்டோவில் மூன்று பிரதி போட்டதாக அம்மா சொல்லியிருக்கிறார். ஒன்று எங்கள் வீட்டில் நறுக்கியது. மற்ற இரண்டும் சித்தி பிறந்த வீட்டுக்கும் பெரிய மாமா வீட்டுக்கும் போயிருக்கின்றன. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பரணையும் பழைய பெட்டிகளையும் ஒருமுறை பாருங்கள். இராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு அப்படியே வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வைத்து, போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நாற்காலிக்குப் பின்னால், இடது பக்கம், வெள்ளைச் சேலையில் நிற்பவர்தான் அத்தை.